தவிட்டு மூட்டையில் வந்த கடலை ஓடு

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, பெரியப்பாவின் மாவு மில் வேன் பொங்கோல் சந்தியில் இருந்த காப்பிக்கடை வாசலில் ஒரு மூட்டையை இறக்கியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிற்பகல் பள்ளி. பேருந்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சீருடையோடு காப்பிக்கடைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா மூட்டையைத் தொட்டுப் பார்த்து, “தவிடுதானே?” என்று வேன் ஓட்டுநரிடம் கேட்டார்.

“மில்லுல இருந்து வருது, வேற என்னா வரும் லா? மழைக்காலம், கோழிக்கு ஆகும்னு அண்ணன் குடுத்தாரு” என்று சொல்லிவிட்டு அவர் வேனைத் திருப்பினார்.

அது தவிடு இல்லை. எங்களிடம் கோழியும் இல்லை.

அப்பா வேலை பார்த்தது பன்றிப் பண்ணையில். அந்தக் காலத்தில் பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் நிறைய இருந்தன. எங்கள் முதலாளி ஒரு சீனர். எல்லோரையும் போல நாங்களும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பண்ணை ஓரத்தில் தகரக் கூரை போட்ட வீடொன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் வீடும் போகும் என்பது எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும். அம்மா அதைத் தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார்.

உறவினர்களுக்கு மட்டும் அது கோழிப் பண்ணை. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் மாவு மில் வைத்திருந்த பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், கோவில் நிர்வாகக் குழுவில் இருந்தார். தூரத்து உறவுக்காரர் ஒருவர் கப்பலில் மாட்டிறைச்சி சமைக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே போகாதவர் அவர். அவரிடம் பன்றி என்று எப்படிச் சொல்வது? அப்பா வேலைக்குச் சேர்ந்த அன்றே பன்றிகள் கோழிகளாகிவிட்டன. அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கோழிகளை வளர்க்க வேண்டியதாயிற்று. பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்துப் பண்ணையில் இரண்டு டஜன் முட்டை வாங்கி, காகிதத்தில் சுற்றி, “நம்ம பண்ணை முட்டை” என்று அப்பா பெரியம்மாவிடம் கொடுப்பார். பெரியம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடையில் இப்படிக் கிடைக்காது என்பார். கிளம்பும் முன் அம்மா என்னைச் சவுக்காரம் போட்டு, எலுமிச்சம் தோல் தேய்த்து, தோல் சிவக்கும்வரை குளிப்பாட்டுவார். வேன் பண்ணைவரை வராது. பாதை சேறு, சக்கரம் புதைந்துவிடும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். சந்திவரை நாற்றம் வருமே என்றால், அதற்கும் பதில் இருந்தது. அங்கே எல்லா நாற்றத்துக்கும் அடுத்த பண்ணைதான் காரணம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். பல வருடம் அப்படித்தான் சொன்னேன். போன தீபாவளியோடு அது முடிந்தது.

அன்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எண்பது வயதைத் தாண்டிய அப்பா, கையில் வடையோடு, எல்லோரும் கேட்க என் மகளிடம் கதை சொன்னார். பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன; பண்ணை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், நடைபாதை, பூங்கா. ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லாததால் அது இப்போது பெருமைப்படும் கதையாகிவிட்டது. “உங்கம்மா இருக்காளே, ஒம்போது வயசுல ஒரு தடவ தவிட்டுக்கும் கடலை ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியாம சினைப்பன்னிக்குப் போட்டு, அதோட வயித்தையே கட்டிப்புட்டா!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் பழக்கத்தில் சிரித்தேன்.

என் மகள் சிரிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் விலங்கு மருத்துவ உதவியாளர் படிப்பு படிக்கிறாள். அந்தப் பருவத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, பன்றித் தீவனத்தில் நார்ச்சத்து என்ன செய்கிறது என்பதுதான். கரண்டியைக் கீழே வைத்தாள். “தாத்தா, வெயிட். நைன் இயர்ஸ் ஓல்டுப் பிள்ளைய, யாரு லா சினைப்பன்னிக்குத் தீனி போட விட்டது?”

“அந்தக் காலத்துல அப்படித்தாம்மா” என்று அப்பா சொல்லி, சட்னி கேட்டார்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன். ஆத்திரம் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. என் மகள் பாத்ரூமில் பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுகிறவள் நான். அவளுக்கு வயிறு சரியில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. இது எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்பதுண்டு. கடலை ஓட்டிலிருந்து வந்தது என்று நான் இதுவரை சொன்னதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவின் பொறுப்பில் இருந்தது, குட்டி போடப்போகும் பன்றிகளின் கொட்டகை. பெரிய கொட்டகைகளை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். தாய்ப்பன்றி விஷயத்தில் தவுக்கே அப்பாவைத்தான் நம்பினார், அந்த நம்பிக்கைக்கு அப்பா தகுதியானவர்தான். அதையும் சொல்ல வேண்டும். சினையான பன்றியைக் குட்டி போடும் சமயத்தில் நகர முடியாத சிறிய கூண்டில் அடைத்து வைப்பார்கள். அசைவு இல்லாமல் அதன் குடல் மந்தமாகிவிடும். சாணம் இறுகும். இறுகினால் காய்ச்சல் வரும், பிரசவம் இழுக்கும், பால் வற்றும். அதனால் கடைசி வாரத்தில் அப்பா மாவுத் தீனியைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டுவார். பால்மாவு டின்னால் இரண்டு டின் தீனி, ஒரு டின் கோதுமைத் தவிடு, ஒரு வாளி தண்ணீர். அந்தத் தவிடுதான் பெரியப்பாவின் மில்லிலிருந்து வாராவாரம் வந்தது. “கோழிங்க நல்லா தின்னுதா?” என்று பெரியப்பா கேட்பார். “போட்டது மிச்சமில்லாம தின்னுதுங்க அண்ணே” என்று அப்பா சொல்வார். அது பொய்யில்லை.

என் மகள் தன் குறிப்புகளை எனக்குப் படித்துக் காட்டினாள். நார்ச்சத்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லா நாரும் ஒன்றில்லையாம். தவிட்டு நார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உப்பும். சாணத்தை இளக்கித் தள்ளும். அதில் ஒரு பகுதியைப் பன்றியின் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மெல்லமாகப் புளிக்கவைத்து, பன்றிக்கே கொஞ்சம் சக்தியாகத் திருப்பிக் கொடுக்கும். கடலை ஓடு அப்படியில்லை. அது மரம் மாதிரி. நுண்ணுயிர்களால் அதை அசைக்க முடியாது. கொஞ்சம் போனால் வந்த வழியே வெளியே போய்விடும். நிறையப் போட்டு, தண்ணீரும் போதாமல், குடலும் மந்தமாக இருந்தால், உள்ளே சேர்ந்து அடைத்துக்கொள்ளும். “அது விஷமில்லம்மா. டைமிங்தான் ராங், தண்ணியும் பத்தல” என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தெரிய வழியில்லை. அப்பாவுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். விரதத்தின் முதல் வாரங்களில் வேலை செய்துவிட்டு மூன்று வேளை குளித்தார். பூசம் நெருங்கியதும் அது போதாது என்று தோன்றிவிட்டது. பன்றியைத் தொட்ட கையால் காவடியைத் தொடக்கூடாது என்று சொல்லி, புதன்கிழமையே பெரியப்பா வீட்டில் தங்கப் போய்விட்டார். இடது காது கிழிந்த ஒரு பெரிய தாய்ப்பன்றி, பூசம் முடிந்து இரண்டொரு நாளில் குட்டி போட வேண்டியிருந்தது. தவுக்கே லீவு கொடுக்க யோசித்தார். மனைவி பார்த்துக்கொள்வாள் என்று அப்பா சொன்னார்.

ஆனால் அம்மாவும் அப்பாவோடு சேர்ந்து விரதம் இருந்தார். அவரும் தொட முடியாது. வீட்டில் விரதம் இல்லாத ஒரே ஆள் நான். நானும் அத்தனை நாளும் மரக்கறிதான் சாப்பிட்டேன். ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவது கணக்கில் வராதாம். புதன்கிழமை காலை அப்பா வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, என்னை உள்ளே அனுப்பி, டின்னைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். “ரெண்டு, ஒண்ணு, ஒரு வாளி. என்ன?” நான் திருப்பிச் சொன்னேன். “கெட்டிக்காரி” என்றார். அன்று முழுக்க அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பழைய தவிடு வியாழக்கிழமை காலையோடு தீர்ந்தது. அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் புது மூட்டையைப் பிரித்தேன். பழுப்பு நிறம். தூளாகத்தான் இருந்தது. கொஞ்சம் சொரசொரப்பாகக் கையில் குத்தியது. வறுத்த கடலை வாசம் லேசாக வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, பன்றிக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன். இரண்டு, ஒன்று, ஒரு வாளி. வேலிக்கு வெளியே நின்ற அம்மா, “சரியா போட்டியா?” என்றார். சரியாகத்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கூண்டைக் கூட்டப் போனபோது, கோலிக்குண்டு அளவில் நாலைந்து கறுப்பு உருண்டைகள் மட்டும் கிடந்தன. சாயங்காலம் அதுவும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூட்ட வேண்டியதே இல்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “நல்லதாப் போச்சு, சீக்கிரம் வந்து குளி” என்றார். எங்கள் இருவரில் யாருக்காவது ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றியிருக்கலாம். பத்து வருடம் அந்தப் பண்ணையில் இருந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கலாம். அவருடைய மனம் முழுக்க அப்பாவின் காவடியில் இருந்தது.

சனிக்கிழமை பூசம். நாங்கள் விடிந்ததும் நகரத்துக்குப் போகவேண்டும், திரும்பி வர மாலை ஆகிவிடும். பகலில் பசிக்குமே என்று நானாக யோசித்து இரட்டிப்பாகப் போட்டேன். நாலு டின் தீனி, இரண்டு டின் ஓட்டுத்தூள். தண்ணீர் மட்டும் ஒரு வாளிதான், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பன்றி பாதியைத் தின்றுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. குட்டிகள் வளர்ந்துவிட்டன என்று நினைத்தேன். ஆனாலும் என்னவோ சரியில்லை என்று பட்டது. பேருந்தில் வழிமுழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அப்பா காவடி எடுத்து நடந்ததைப் பார்த்தேன். கூட்டத்தில் நெருங்க முடியவில்லை. பகல் சாப்பாடு பெரியப்பா வீட்டில், மில்லுக்கு மேல்மாடியில். பத்து இருபது உறவினர்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முழுச் சோர்வோடு சுவரில் சாய்ந்திருந்தார். நான் அவரிடம் போய், சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன்.

“அப்பா, அந்தக் கோழி ரெண்டு நாளா எச்சமே போடல. வயிறு கல்லாட்டம் இருக்கு.”

பக்கத்தில் இருந்த மாமா ஒருவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “கோழிக்கு மலச்சிக்கலா? ஓமத்தண்ணி குடுத்துப் பாரு தாயி!”

“ஓமத்தண்ணி எதுக்கு லா? அத வெட்டி ரசம் வெச்சா நம்ம எல்லாருக்கும் சரியாயிடும்” என்றார் இன்னொருவர்.

“பூசத்தன்னிக்கி என்ன பேச்சு இது!” என்று பெரியம்மா அதட்டியும் சிரிப்பு அடங்கவில்லை. அப்பாவும் சிரித்தார். நன்றாக நினைவிருக்கிறது, வாய் மட்டும் சிரித்தது. கை கழுவும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்து, குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“தண்ணி குடிக்குதா?”

“குடிக்குதுப்பா.”

“அப்ப ஒண்ணும் ஆகாது. நாளைக்கு இங்க இடும்பன் பூசை இருக்கு. முடிச்சிட்டு மத்தியானம் வந்து பாக்குறேன். நீ யார்கிட்டயும் பேசிக்கிட்டு நிக்காத.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒண்ணும் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு தகப்பன் குழந்தையின் தலையில் கை வைத்து அப்படிச் சொன்னால், குழந்தை தன் கையால் தொட்டுப் பார்த்த கல்லைக்கூட மறந்துவிடும்.

சாயங்காலம் நாங்கள் வீடு வந்தபோது பன்றி எழுந்திருக்கவில்லை. தண்ணீரைத் தொடவில்லை. மூச்சு வேகமாக இருந்தது. தவுக்கேயிடம் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சொன்னால், பிள்ளையைத் தீனி போடவிட்டது தெரிந்துவிடும். அப்பா நாளைக்கு வந்துவிடுவார் என்றார் அம்மா.

ஞாயிறு விடியும்போதே அதற்கு வலி எடுத்துவிட்டது. அலறல் கேட்டுத் தவுக்கேயே வந்துவிட்டார். அவர்தான் கால்நடை மருத்துவரை வரவழைத்தார். உள்ளே இறுகிக் கிடந்தது குட்டிகளின் வழியை அழுத்திக்கொண்டிருந்தது என்று மருத்துவர் சொன்னார். சவுக்காரத் தண்ணீரும் எண்ணெயும் குழாயால் ஏற்றி, கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பதினொரு குட்டிகள் வந்தன. ஆறு மூச்சே விடவில்லை. பிழைத்த ஐந்தும் மடியை முட்டின, பால் வரவில்லை.

மருத்துவர் கையைக் கழுவிவிட்டு, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். தவுக்கே மூட்டையைக் கொண்டுவந்தார். மருத்துவர் அதில் ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். நல்ல தவிடு சற்று நேரத்தில் கூழாகிவிடும். இது மரத்தூள் மாதிரி மேலேயே மிதந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தவுக்கேக்குக் காட்டினார். தவுக்கே வாளியை எட்டி உதைத்தார்.

அப்போதுதான் அப்பா வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் எங்களுக்குப் பஞ்சாமிர்தப் பாத்திரம். தவுக்கே மூட்டையைச் சுட்டிக்காட்டி, “சியாப்பா பாகி?” என்று கத்தினார். யார் கொடுத்தது என்று அர்த்தம்.

அப்பா மூட்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து கன்னத்தில் அறைந்தார். நான் வேலியில் போய் மோதினேன். “கழுத, கண்ணு தெரியல உனக்கு? எதக் கலக்கிப் போட்ட?” பிறகு தவுக்கே பக்கம் திரும்பி, மலாயில், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது, பிள்ளைக்குத் தவிடு எது ஓடு எது என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காது ரீங்காரமிட்டது. ஓடு என்ற பேச்சையே அன்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். மருத்துவர் அதற்குப் பெயர் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை.

தவுக்கே என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி பார்த்துக்கொள்வாள் என்று அப்பா சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். நாளைக்கே வீட்டைக் காலி செய் என்பார் என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தவுக்கே அதைச் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை. மூட்டையில் அச்சடித்திருந்த மில்லின் பெயரையும் எண்ணையும் வாசித்தார். இந்தக் குப்பையை அனுப்பியவன் வந்து பார்க்கட்டும், பிறகு உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார். வேண்டாம் தவுக்கே, போன் வேண்டாம் தவுக்கே என்று கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். வேலை போகும் என்றபோது கெஞ்சாத மனிதர், ஒரு போனுக்குக் கெஞ்சினார்.

மூன்று மணிக்கு மில் வேன் முதல்முறையாகச் சேற்றுப் பாதையில் உள்ளேயே வந்தது. சக்கரம் எங்கும் புதையவில்லை. பெரியப்பா இறங்கினார். வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கொட்டகை கொட்டகையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் கொட்டகைக்கு வந்ததும் நின்றார். படுத்துக் கிடந்த தாய்ப்பன்றியைப் பார்த்தார். சாக்கு போட்டு மூடியிருந்த ஆறு குட்டிகளைப் பார்த்தார்.

“கோழி எங்கடா?” என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“பத்து வருஷமா காகிதத்துல சுத்திச் சுத்திக் குடுத்தியே, அது யாரு வீட்டு முட்டை? என் மில்லு பேரு போட்ட மூட்டையக் கொண்டாந்து பன்னிக்கொட்டகையில வெச்சிருக்க. நான் கோவில்ல போய் எந்த மூஞ்சியோட நிக்கிறது?”

அவர் மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆறு குட்டிகள் செத்துக் கிடக்கும் இடத்தில் அவருக்கு முதலில் தோன்றியது தன் மூஞ்சி. அப்படிப்பட்டவர் என்பதால்தான் அப்பா பொய் சொன்னார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. திரும்பியபோது என் கன்னத்தைப் பார்த்துவிட்டார். விரல்கள் பதிந்திருந்தன.

“இது என்ன? யாரு அடிச்சது?”

“அவதான் தெரியாம ஓட்டை எடுத்துப் போட்டுட்டா மாமா. அதான் அவரு கோவத்துல...” என்று அம்மா இழுத்தார்.

பெரியப்பா அப்பாவின் அருகில் போனார். குரல் இறங்கிவிட்டது.

“வெள்ளிக்கிழம காலையில கல்லாப்பெட்டிகிட்ட நிக்கிறப்ப உன்கிட்ட என்னா சொன்னேன்? தவிடு தீந்துபோச்சு, கடலை ஓட்ட அரைச்சு அனுப்பியிருக்கேன், கோழிக்குக் கீழ பரப்பு, ஈரத்த இழுக்கும்னு சொன்னேனா இல்லையா? நீ என்னா கேட்ட? ‘தின்னுட்டா என்னா ஆகும்’னு கேட்டியா இல்லையா?”

அப்பா சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“கேட்டல்ல? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு. போனு உன் கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. என் முன்னாடி பேச வெக்கம்னா, தெருமுனையில பத்துக் காசு போட்டாப் பேசலாம். ஒரு போனு! நேத்து சாப்பாட்டுல இந்தப் புள்ளையே வந்து உன்கிட்ட சொல்லிச்சே, நாங்கெல்லாம் கேட்டுச் சிரிச்சோமே...”

அவர் பேசியது ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. ஒன்றுகூட எனக்குள் இறங்கவில்லை. கோழி என்று பொய் சொன்னதற்காக ஏசுகிறார் என்று நினைத்தேன். என்னால்தான் ரகசியம் வெளிப்பட்டது, என்னால்தான் அப்பா இப்படி நிற்கிறார் என்று நினைத்தேன். மொட்டைத் தலையோடு அவர் குனிந்து நின்றது, சட்டைப் பித்தானுக்கு நடுவே நெஞ்சில் காவடி அலகு குத்திய புள்ளிகள் தெரிந்தது, இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்க முடியவில்லை. போய்ப் பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“பெரியப்பா, அப்பாவ ஏசாதீங்க. அப்பா போடல. நான்தான் போட்டேன்.”

பெரியப்பா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தெரியும்மா” என்றார். “அதத்தான் அவன்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.”